கடலுக்குக் கீழ் இருந்த ஊரை விசாரிக்கப் போனது

எனக்குத் தொண்ணூறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஆகையால் எழுத்து பெரிதாகவும் மெதுவாகவும் வரும். அவசரக்காரர் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம்.

போன வாரம், வந்த முதல் குளிர்காலத்தில் காயாத உடுப்புகளைப் பற்றி எழுதியிருந்தேன். சிட்னியில் இருந்து ஒருவர் பத்திரிகைக்குப் போன் பண்ணி, சிட்னியில் உடுப்புக் காய்ந்தது என்று சொன்னாராம். காய்ந்திருக்கும். நான் மெல்பேர்னைப் பற்றி எழுதுகிறேன்.

இந்த வாரம் ஒரு வாசல்.

ஸ்பிரிங்வேலில் ஸ்டேசனுக்குப் பின்னால் போகிற தெருவில் ஒரு பலகை வீடு. எழுபதுகளின் நடுப்பகுதி, வெள்ளிக்கிழமை பின்னேரம். நான் தக்காளியைத் தகர ரின்னில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை முடித்து, முகம் கழுவி, சேலை மாற்றி, சேலைக்கு மேல் என் கணவரின் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த வாசலில் நிற்கிறேன். கதவை இன்னும் தட்டவில்லை. உள்ளே தேங்காய்ப்பால் கொதிக்கிற மணம் வருகிறது. வெள்ளிக்கிழமை எனக்கு விரதம்; மத்தியானமும் சாப்பிடவில்லை.

வேலியில் பயிற்றங்கொடி படர்ந்திருந்தது. மெல்பேர்னில் அதுவரை நான் பயிற்றங்காயைக் கண்டதில்லை. முழ நீளத்தில் தொங்கியது. வந்த வேலைக்கு இது நல்ல அறிகுறியா, கெட்ட அறிகுறியா என்று யோசித்தேன்.

வந்த வேலை, ஊர் விசாரிப்பது.

ஆறாவது பிள்ளை

ஆறாவது பிள்ளை என்று சொன்னது என் தம்பி சிவபாலனை. கணக்கில் ஆறாவது, வளர்த்த வரிசையில் அவன்தான் முதல். அம்மா செத்தபோது அவனுக்கு மூன்று வயது. நான் கலியாணம் கட்டிப் போனபோது அவனையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். “சீதனத்தோடை ஒரு பிள்ளையும் வருகுது” என்று மாமியார் சொன்னார். பிறகு அந்தப் பிள்ளை அவருடைய மடியை விட்டு இறங்கவில்லை.

அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஆனால் காய்ச்சல் வந்தால் அம்மா என்பான். இரண்டையும் நான் திருத்தவில்லை.

லண்டனில் எஞ்சினியருக்குப் படித்தான். நாங்கள் கொழும்பில் இருந்து பிளேனில் மெல்பேர்னுக்கு வந்து ஒரு வருசத்துக்குப் பிறகு, அவன் லண்டனில் இருந்து கப்பலில் வந்து சேர்ந்தான். எங்கள் வீட்டில் இருந்துதான் வேலைக்குப் போனான். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் சொன்னான்.

“அக்கா, நான் ஒரு பிள்ளையைக் கட்டப் போறன்.”

“ஆர் பிள்ளை?”

“ரூபி. நேர்ஸ். கயானாவிலை பிறந்தவ.”

“அது எங்கை, இந்தியாவிலையோ?”

“இல்லை. தென்னமெரிக்காவிலை, கரிபியன் கடல் பக்கம்.”

“தமிழோ?”

“தேப்பன்ரை பேர் சின்னப்பன். தமிழ் தெரியாது.”

நான் ரசம் ஊற்றினேன். என் கணவர் எழும்பிப் போய் ரேடியோவைப் போட்டார். குடும்பத்தில் பெரிய விசயம் வந்தால் அவர் செய்வது அதுதான்.

“குஞ்சையா ஓம் எண்டால் எல்லாரும் சேர்ந்து செய்வம்” என்றான் தம்பி. “அவர் மாட்டன் எண்டால் நாங்கள் றெஜிஸ்டர் பண்ணிப்போட்டு பேர்த்துக்குப் போறம். அங்கை எனக்கு வேலை கிடைச்சிருக்கு.”

பேர்த் எவ்வளவு தூரம் என்று கணவரைக் கேட்டேன். கொழும்பில் இருந்து டெல்லிக்குப் போகிற தூரம், அதைவிடக் கொஞ்சம் கூட என்றார். ஒரே நாட்டுக்குள் அவ்வளவு தூரத்தை ஏன் வைத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. போனால் திரும்பி வரமாட்டான் என்பது மட்டும் விளங்கியது. அவன் அப்படித்தான். சின்னவனாக இருந்தபோது ஒரு முறை கோபித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனவன், நான் போய்த் தூக்கும்வரை அங்கேயே நின்றான்.

குஞ்சையாவின் நாலு கேள்வி

குஞ்சையா என் அப்பாவின் தம்பி. கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் பெரிய லிகிதராக இருந்து ஓய்வு பெற்று, கிளேட்டனில் மகன் வீட்டில் இருந்தார். வேட்டிக்குள் கம்பளிக் காற்சட்டை, தலையில் கம்பளித் தொப்பி, காலுக்குப் பக்கத்தில் எண்ணெய் ஹீற்றர். அந்தக் கதிரையை விட்டு அவர் எழும்புவது அபூர்வம். ஆனால் எங்கள் அப்பா இல்லாதபடியால், தம்பியின் கலியாணத்தில் அப்பாவின் இடத்தில் நிற்க வேண்டியவர் அவர்தான்.

அப்போது மெல்பேர்னில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லாரையும் ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். குஞ்சையாதான் அந்த பஸ்ஸின் ட்ரைவர். அவர் வராத கலியாணத்துக்கு மற்றவர்கள் வருவது நடக்காது.

எங்கள் ஆட்கள் ஒரு தமிழரைக் கண்டால் முதலில் பேர் கேட்க மாட்டார்கள். ஊர் கேட்பார்கள். பிறகு ஊருக்குள் எந்தப் பக்கம், எந்தக் கோயில் என்பார்கள். நாலாவது கேள்விக்கு வருமுன், கேட்க வேண்டியதைக் கேட்காமலே அறிந்துவிடுவார்கள். அது என்ன என்று இந்தப் பத்திரிகை வாங்குகிறவர்களுக்குத் தெரியும். இங்கே பிறந்த பேரப்பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்: சாதி.

“கயானாவிலை எங்களுக்கு ஆரைத் தெரியும்?” என்று குஞ்சையா கேட்டார்.

“ஒருத்தரையும் தெரியாது.”

“லண்டனிலை?”

“அங்கையும் இல்லை.”

“அப்ப நீ போ” என்றார். “ஊர், தொழில், கோயில், ஆக்கள். நாலையும் கேட்டுக்கொண்டு வா. கை நனைச்சுப் போடாதை.”

கை நனைப்பது என்றால் அந்த வீட்டில் சாப்பிடுவது. பெண் பார்க்கிற வீட்டில் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் முடிவு தெரியும்வரை சாப்பிடமாட்டோம்.

“தண்ணி?” என்று கேட்டேன்.

“தண்ணியும் வேண்டாம்.”

“எனக்கு இங்கிலிஷ் வராதே, குஞ்சையா.”

“ஃபெக்ரறியிலை என்ன பேசுறனி?”

“ஸ்டொப், லிஃப்ட், நோ மோர்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அது காணும்” என்றார்.

மேசையில் ஊற்றிய ஆறு

தம்பிதான் என்னைக் காரில் கொண்டுவந்தான். ஆனால் தெரு முனையிலேயே காரை நிற்பாட்டி, “நீங்கள் போங்கோ அக்கா, நான் இதிலை நிக்கிறன்” என்றான். ஏன் வாசலுக்கு வரவில்லை என்று நான் அப்போதே கேட்டிருக்கலாம். பயிற்றங்காயைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

கதவைத் திறந்தது ரூபி. ஆஸ்பத்திரி யூனிபோம் போட்டிருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் கறுப்பு, என்னைவிட உயரம். வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அவர்களும் உள்ளே செருப்புப் போடுவதில்லை. நானும் கழற்றினேன்.

குசினியில் அவளுடைய அப்பா சின்னப்பன் ஒரு பெரிய சட்டியைக் கிண்டிக்கொண்டு நின்றார். நரைத்த தலை, தோளில் துவாய். ரூபியின் அம்மா சில வருசங்களுக்கு முன் கயானாவிலேயே இறந்துவிட்டாவாம். அதற்குப் பிறகு மகள் அவரை லண்டனுக்குக் கூப்பிட்டு, அங்கிருந்து இங்கே கூட்டிவந்திருந்தாள்.

அவர் பேசியது அவர்களுடைய ஊர் இங்கிலிஷ். ரூபி அதை ஆஸ்பத்திரி இங்கிலிஷ் ஆக்கி, நோயாளிக்குச் சொல்வது போல மெதுவாக எனக்குச் சொன்னாள். விளங்காத இடத்தில் கையால் காட்டினார்கள். நான் சொன்னதும் அப்படியே கைகால் ஆட்டித்தான் போய்ச் சேர்ந்தது. இங்கே எல்லாவற்றையும் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

தேத்தண்ணி வைத்தார்கள். வேண்டாம் என்றேன். தோடம்பழச் சாறு என்றார்கள். வேண்டாம். தண்ணி?

“வேண்டாம்.”

“வயித்துக்குள்ளை ஏதும் செய்யுதோ?” என்று ரூபி கேட்டாள். நேர்ஸ் அல்லவா.

“வயிறு நல்லம்” என்று சொல்லி முதலாவது கேள்வியைக் கேட்டேன். “உங்கட ஊர் எது?”

சின்னப்பன் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தார்.

“இந்த நாட்டிலை ஒருத்தரும் என்ரை ஊரைக் கேட்டதில்லை” என்றார். “நாட்டைக் கேப்பினம். சொன்னால், ஜமேக்காவோ எண்டு கேப்பினம்.”

ஊரின் பேரைச் சொன்னார். அது ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வைத்த பேர், என் வாய்க்குள் நுழையவில்லை. பிறகு மேசையைத் துடைத்தார். ரொட்டிக்குக் குழைத்து வைத்திருந்த மாவில் ஒரு உருண்டையை எடுத்து, நீளமாக உருட்டி மேசையில் வைத்தார். அதற்கு அந்தப் பக்கம் தோளில் கிடந்த துவாயை விரித்தார்.

“இது கடல்” என்று துவாயைக் காட்டினார். “இது அணை. அணைக்கு இங்காலை ஊர்.”

பிறகு நான் குடிக்காமல் வைத்த தேத்தண்ணியை எடுத்து மேசையில் நீளமாக ஊற்றினார். ரூபி “டாட்” என்றாள். அவர் நிற்பாட்டவில்லை.

“இது ஆறு. எங்கட ஆத்துத் தண்ணி இந்த நிறம்தான்.”

ஆறு அணைக்குப் பக்கத்தால் போய்த் துவாயில் சேர்ந்தது. மாவுக்கு இந்தப் பக்கம் வரவில்லை. பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

“கடல் பெருகினால் கடல் மேலை, ஊர் கீழை” என்றார்.

“கடலுக்குக் கீழையோ ஊர்?”

“ஓம்.”

“ஆர் அங்கை போய் ஊர் கட்டினது?”

“ஒல்லாந்தர்.”

ஒல்லாந்தரை எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டினவர்கள். அதைச் சொன்னேன். அவருக்கு அது புதினம். “உங்களிட்டையும் வந்தவையோ?” என்று கேட்டார். வந்தவை என்றேன். ஒரே ஆள் இரண்டு வீட்டிலும் களவெடுத்துக்கொண்டு போனதை அறிந்த அயலவர் போல இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம்.

சீனியும் அரிசியும்

அவர் சீனிப் போத்தலைத் திறந்து, மண்ணிறச் சீனியை ஆற்றங்கரையில் குவித்தார்.

“முதல் இதுதான். கரும்பு. ஊர் முழுக்கக் கரும்பு. இந்த வாய்க்காலெல்லாம் வெட்டினது ஆர் தெரியுமோ?”

“ஒல்லாந்தர்.”

“ஒல்லாந்தர் வெட்டேல்லை. வெட்டச் சொன்னவை. வெட்டினது ஆபிரிக்காவிலை இருந்து சங்கிலி போட்டுக் கொண்டுவந்த சனம். சேத்துக்குள்ளை நிண்டு கையாலை வெட்டினவை. செத்தவையும் அந்த அணைக்குள்ளைதான்.”

பிறகு இங்கிலிஷ்காரன் ஒல்லாந்தனிடம் இருந்து ஊரைப் பிடித்தான். சங்கிலியைக் கழற்றுகிற காலம் வந்தது. கழற்றினவுடனே அந்தச் சனம் கரும்புக்குள் நிற்காமல் போய்விட்டது.

“நானெண்டாலும் போயிருப்பன்” என்றேன்.

“கரும்பு வெட்ட ஆள் வேணும். அப்பதான் மதராசிலை இருந்து கப்பல் வந்தது. அதிலை எங்கட பாட்டன்.”

கரும்புக்குப் பின்னால், துரைமாருக்கு வேண்டாத சேற்று நிலம் கிடந்ததாம். ஒப்பந்தக் காலம் முடிந்தவர்கள் அதில் நெல் போட்டார்கள். சின்னப்பன் சீனிக் குவியலைக் கையால் ஓரத்துக்குத் தள்ளினார். ஒரு பிடி அரிசியை அள்ளி மேசை முழுக்க விசிறினார்.

“இது எங்கட ஆக்கள்” என்றார்.

நெல்லு வந்த பிறகுதான் அது ஊர் ஆனதாம். அரிசி ஆலை, சந்தை, வழக்குப் பேசுகிற கோடு கச்சேரி, படம் காட்டுகிற கொட்டகை. வெள்ளம் வந்தாலும் நனையாமல் கால் வைத்துக் கட்டின வீடுகள். ஆற்றில் அரிசி மூட்டை ஏற்றின படகுகள். சீனி துரைமாருக்கு, அரிசி எங்களுக்கு என்றார்.

ரூபி இதையெல்லாம் பல தடவை கேட்டிருப்பாள் போல. அரிசி விழாத இடத்தில் கையை ஊன்றிக்கொண்டு இருந்தாள்.

நான் இரண்டாவது கேள்விக்கு வந்தேன். “உங்கட தொழில்?”

அவர் ஒரு கரண்டியை எடுத்து மாவு அணையின் நடுவில் குத்தி நிறுத்தினார். “மதகு” என்றார். கடல் வற்றும்போது கதவைத் திறந்து ஊர்த் தண்ணியை வெளியே விடவேண்டும். கடல் பெருகுமுன் பூட்டவேண்டும். அதுதான் அவருடைய வேலை. அவருடைய அப்பாவுக்கும் அதே வேலை.

“பூட்ட மறந்தால்?”

“மறக்கிறேல்லை.”

மூன்றாவது, கோயில். ஆற்றங்கரையில் தகரக் கொட்டில், மாரியம்மன் என்றார். தமிழில் பாட்டுப் பாடுவார்களாம், அர்த்தம் ஒருவருக்கும் தெரியாதாம். தப்பு அடிப்பார்களாம்.

தப்பு என்றால் பறை. எங்கள் ஊரில் பறை அடிக்கிறவர்கள் யார், அவர்களை எங்கே நிற்பாட்டினோம் என்பது குஞ்சையாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“ஆர் அடிப்பினம்?” என்று கேட்டேன்.

“எல்லாரும். முறை வைச்சு.”

கப்பல் ஆட்கள்

நாலாவது கேள்வி மிஞ்சி இருந்தது. “நீங்கள் என்ன ஆக்கள்?”

ரூபி என்னைப் பார்த்த பார்வையில் அவளுக்குக் கேள்வி விளங்கிவிட்டது தெரிந்தது. அவருக்கு விளங்கியது வேறு விதமாக.

“கப்பல் ஆக்கள்” என்றார்.

“அதுக்கு முன்னம்?”

“அதுக்கு முன்னம் ஒண்டும் தெரியாது. மாதக்கணக்காய்க் கடலிலை வந்தவை. ஒரு சட்டியிலைதான் சமையல். அந்தச் சட்டியிலை சாப்பிட்டவை எல்லாம் சகோதரம். கப்பலாலை இறங்கின பிறகும் சாகுமட்டும் சகோதரம். அவையின்ரை பிள்ளையளும் சகோதரம். ஒரே கப்பல் குடும்பங்களுக்குள்ளை நாங்கள் கலியாணம் செய்யிறேல்லை.”

“நல்ல பழக்கம்” என்றேன்.

“நல்ல பழக்கம்தான்” என்றார். “அதாலைதான் நான் மாட்டன் எண்டு சொன்னனான்.”

“என்ன மாட்டன்?”

அவர் மகளைப் பார்த்தார். மகள் சுவரைப் பார்த்தாள்.

“உங்கட பெடியன் உங்களுக்குச் சொல்லேல்லையோ? அவனும் நாங்களும் லண்டனிலை இருந்து ஒரே கப்பலிலை வந்தனாங்கள். ஒரே சாப்பாட்டு மண்டபம். எனக்குப் பக்கத்துக் கதிரையிலைதான் இருந்தவன். நல்ல பெடியன். ஆனால் அவன் இவளுக்குச் சகோதரம். இந்தக் கதையோடை வீட்டுக்கு வராதை எண்டு சொல்லிப்போட்டன்.”

தம்பி ஏன் தெரு முனையில் நிற்கிறான் என்பது அப்போதுதான் விளங்கியது.

நான் அவர்களை வேண்டாம் என்று சொல்லலாமா என்று பார்க்க வந்தவள். அவர்கள் எங்களை ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதற்குக் குஞ்சையா எனக்கு ஒரு கேள்வியும் தந்துவிடவில்லை.

“டாட், அது அந்த மாதிரிக் கப்பல் இல்லை” என்றாள் ரூபி. “நாங்கள் ரிக்கற் எடுத்து வந்தனாங்கள். ஆட்டம் பாட்டமெல்லாம் வைச்சவங்கள்.”

“கப்பல் எண்டால் கப்பல்.”

“மூண்டு தலைமுறைக்கு முந்தின கதையைக் கொண்டுவந்து என்ரை தலையிலை வைக்காதேங்கோ.”

“எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார்” என்று அவர் என்னிடம் சொன்னார். “அவர் ஒரு பெட்டையை விரும்பினவர். விசாரிச்சுப் பாத்தால் அந்தப் பெட்டையின்ரை பாட்டனும் எங்கட பாட்டனும் ஒரே கப்பல். அப்பா விடேல்லை. அண்ணன் பிறகு கட்டவே இல்லை. இப்பவும் ஆத்தங்கரையிலை தனியத்தான் இருக்கிறார். இண்டைக்கு என்ரை மகளெண்டவுடனை நான் ஓம் எண்டால், அவருக்கு என்ன சொல்லுறது?”

ரூபி எழும்பிப் போய்ச் சட்டியைக் கிண்டிவிட்டு வந்தாள். எனக்கு பேர்த் நினைவுக்கு வந்தது.

நான் கேட்ட ஐந்தாவது கேள்வி

நான் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் படிக்கவில்லை. ஆனால் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டால் ஏழு வீட்டுக்கு அங்காலும் சொல்லுவேன்.

“சிவபாலனை வளர்த்தது நான்” என்றேன். “அக்கா எண்டு கூப்பிடுவான். ஆனால் எனக்கு அவன் பிள்ளை. உங்கட கப்பல் அவனை உங்களுக்குச் சொந்தம் ஆக்கினால், அவன்ரை தாய் நான் உங்களுக்கு என்ன முறை?”

அவர் யோசித்தார். “உங்களுக்கும் எனக்கும் ஒரு வயசு. சகோதரம்தான்.”

“அப்ப நீங்கள் எனக்கு அண்ணை.”

“ஓம்.”

“அவன் உங்கட தங்கச்சியின்ரை பிள்ளை.”

“அதைத்தானே சொல்லுறன். தங்கச்சியின்ரை பிள்ளைக்குக் குடுக்க ஏலாது.”

“எங்கட பக்கம் தங்கச்சியின்ரை பிள்ளைக்குத்தான் குடுக்கிறது” என்றேன். “அண்ணன்ரை மகள் தங்கச்சியின்ரை மகனுக்கு மச்சாள். அவனுக்குத்தான் முதல் உரிமை. நீங்கள் வேறை ஆளுக்குக் குடுக்கிறதெண்டால் என்னைக் கேட்டுத்தான் குடுக்கவேணும்.”

ரூபி இதை அப்பாவுக்குச் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“அன்ரி, இது முந்தினதைவிட மோசம்” என்றாள்.

“சொல்லு பிள்ளை.”

சொன்னாள். சின்னப்பன் நெடுநேரம் மேசையில் கிடந்த அரிசியை விரலால் அங்கும் இங்கும் நகர்த்தினார். பிறகு, “என்ரை பாட்டி தன்ரை மாமன்ரை மகனைத்தான் கட்டினவவாம்” என்றார். “மதராசிலை. கப்பலுக்கு முன்னம். எங்களுக்கு அது வெக்கம், வெளியிலை சொல்லுறேல்லை.”

“வெக்கப்பட ஒண்டும் இல்லை. நானும் மாமன்ரை மகனைத்தான் கட்டினனான்.”

“அப்ப கப்பலை விடச் சொல்லுறியளோ?”

“விட வேண்டாம். கப்பல்தானே உங்களை எனக்கு அண்ணை ஆக்கினது. அது இல்லாட்டி நான் ஆரோ.”

அவர் எழும்பினார். அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் தூக்கி வந்து மேசையில், ஆற்றுக்கும் அரிசிக்கும் நடுவில் வைத்தார். இரண்டு சாப்பாட்டுக் கோப்பை எடுத்தார்.

“நீங்கள் எங்கட கப்பலிலை வரேல்லை” என்றார். “தங்கச்சி எண்டு சொல்லுறதெண்டால் சட்டியிலை சாப்பிட வேணும்.”

அரிசியும் பயறும் தேங்காய்ப்பாலும் ஒன்றாகப் போட்டு அவித்த சோறு. மணம் எங்கள் வீட்டு மணம்தான். கிண்டிப் போடும்போது உள்ளே இருந்து கருவாடு வந்தது.

வெள்ளிக்கிழமை. விரதம். கை நனைக்காதை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் குஞ்சையா. கருவாடு.

கரண்டி தந்தார்கள். நான் கையைக் கழுவிப்போட்டு வந்து கையால் சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் கூட. அதை நான் சொல்லவில்லை. தங்கச்சி ஆகி அரை மணித்தியாலம் ஆகவில்லை.

“தம்பி தெரு முனையிலை நிக்கிறான்” என்றேன். “சாப்பிட்டிருக்கமாட்டான்.”

சின்னப்பன் தானே வாசலுக்குப் போய்க் கைகாட்டிக் கூப்பிட்டார். அவன் வந்து, செருப்பைக் கழற்றினபடி என் முகத்தைப் பார்த்தான்.

“மாமாவுக்குப் பக்கத்திலை இரு” என்றேன்.

குஞ்சையாவிடம் சொன்னது

அடுத்த நாள் கிளேட்டனுக்குப் போனேன். குஞ்சையா ஹீற்றரைக் குறைக்கச் சொன்னார். கவனமாகக் கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

“ஊர்?”

“கடலுக்குக் கீழை இருக்கு. ஒல்லாந்தர் கட்டினது.”

“ஒல்லாந்தரோ” என்று நிமிர்ந்தார். கச்சேரியில் வேலை செய்தவருக்கு ஒல்லாந்தரில் ஒரு மரியாதை. “தொழில்?”

“மதகு திறந்து பூட்டுறது. தேப்பன் காலத்திலை இருந்து.”

“ஊர்த் தண்ணி முழுக்க அவரின்ரை கையிலையோ?”

“ஓம்.”

“உடையார் மாதிரி” என்று தனக்குத்தானே சொன்னார்; எங்கள் ஊரில் அது ஊர்த் தலைமை உத்தியோகம். நான் திருத்தவில்லை. “கோயில்?”

“மாரியம்மன். தப்பு அடிப்பினமாம்.”

அவர் ஹீற்றரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். “ஆர் அடிக்கிறது?”

“எல்லாரும். முறை வைச்சு.”

“எல்லாரும் அடிச்சால் பிறகு அது ஆரின்ரை தொழில்?” என்று கேட்டார். அது எனக்கான கேள்வி இல்லை. ஒரு ஆயுள் முழுக்க அவர் வைத்திருந்த கணக்கில் அது ஒரு பக்கமும் சேரவில்லை.

“ஆக்கள்?” என்றார் கடைசியில்.

“எனக்கு அண்ணை.”

“என்ன?”

“சகோதரம் எண்டு சொல்லி ஒரு சட்டியிலை சாப்பிட்டனாங்கள். அவர் என்ன ஆளோ நானும் அந்த ஆள். நீங்கள் எனக்குக் குஞ்சையா. அப்ப நீங்களும் அந்த ஆள்தான்.”

மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, நின்று கேட்க விருப்பம் இருந்தும் போய்விட்டாள். குஞ்சையா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

“கை நனைச்சுப் போட்டாய்.”

“ஓம்.”

“என்ன சாப்பாடு?”

“சோறு. பயறும் தேங்காய்ப்பாலும் போட்டு.”

“எங்கட சோறுதான்” என்றார். கருவாட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை.

தொப்பியைத் திரும்பப் போட்டார். “நாள் பாத்தாச்சோ?” என்று கேட்டார்.

பேர்த் வேலைக்கு வேறு யாரோ போனார்கள்.

பெண் வீட்டுப் பக்கம்

சின்னப்பன் தமையனுக்குப் போன் எடுத்துச் சொன்னதை எனக்குப் பல வருசம் கழித்துத்தான் சொன்னார். கப்பல், தங்கச்சி, மச்சாள் முறை எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாராம். பிறகு தமையன், “எங்கட விசயத்திலை இப்பிடி ஒருத்தரும் முறை பாக்கேல்லையே” என்று மட்டும் சொன்னாராம். கலியாணத்துக்கு வாழ்த்துத் தந்தி வந்தது.

கலியாணம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். அப்போது இங்கே கோயிலும் இல்லை, ஐயரும் இல்லை. மதராசில் இருந்து வந்து பல்கலைக்கழகத்தில் படிப்பித்த ஒருவர் மந்திரம் தெரிந்தவர் என்று அவரைப் பிடித்தோம். சேலைக்கு மேல் கோட்டுப் போட்ட பெண்கள், கோட்டுக்கு மேல் சால்வை போட்ட ஆண்கள். பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள்.

குஞ்சையா மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை வைத்தார். பிறகு எழும்பி, மண்டபத்தின் மற்றப் பக்கத்துக்கு நடந்தார். அங்கே பெண் வீட்டுக் கதிரைகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. முதல் கதிரையில் சின்னப்பன் ஒரு ஆள் தனியாக இருந்தார். குஞ்சையா போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். இரண்டு பேருக்கும் பேசப் பாஷை இல்லை. குஞ்சையாவுக்குத் தெரிந்தது கச்சேரிக் கடித இங்கிலிஷ். சின்னப்பனுக்குத் தெரிந்தது ஆற்றங்கரை இங்கிலிஷ். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

மந்திரம் முடிந்து, அந்தப் பேராசிரியர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து குஞ்சையாவிடம் விசாரித்தார்.

“பொண்ணு எந்த ஊருங்க?”

நான் பலகாரத் தட்டோடு பின்னால் நின்றேன்.

“கடலுக்குக் கீழை இருக்கிற ஊர்” என்றார் குஞ்சையா. “ஒல்லாந்தர் கட்டினது. முந்திக் கரும்பு, இப்ப நெல்லு. எங்கட ஆக்கள்தான் மதகைப் பாக்கிறது.”

“ஆமா, நீங்க எல்லாம் யாழ்ப்பாணம்னு சொன்னாங்களே?”

“அதுவும்தான்” என்றார் குஞ்சையா.

இவ்வளவுதான் இந்த வாரம். நான் இப்போது இருக்கிற ரோவிலில் மழை. ரூபி எனக்கு முன்னால் கதிரையில் இருக்கிறாள். கலியாணம் கட்டி இவ்வளவு காலமாகியும் தமிழ் வாசிக்கப் பழகவில்லை, ஆனால் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று காலையில் இருந்து கேட்கிறாள். அவளுடைய பேத்தி மீரா எனக்கும் பேத்தி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவள்.

மீரா, போனை வைச்சுப்போட்டு இங்கை வா. அப்பம்மாவுக்கும் கேக்கிற மாதிரிச் சத்தமாய் வாசி. பிழை கண்டால் நீ திருத்தாதை பிள்ளை. எனக்குச் சொல்லு, நான் யோசிக்கிறன்.